தேர்க்கொடி பறந்த கப்பல்கள்

வெகுகாலத்துக்கு முன்னால், கடலில் உப்பு இன்றைக்கு இருப்பதைவிட ஒரு கைப்பிடி குறைவாக இருந்த காலத்தில், வெண்சங்குப்பட்டினம் என்று ஒரு ராஜ்யம் இருந்தது. அதை ஆண்டவர் நெடுங்கோ ராஜா. கடற்கரை ராஜ்யத்துக்கு ராஜாவே தவிர, கடலுக்கும் அவருக்கும் ஆகாது. பட்டத்துக்கு வந்த புதிதில் ஒரே ஒரு தடவை அவரைக் கப்பலில் ஏற்றினார்கள். கப்பல் நகரக்கூட இல்லை, நங்கூரம் போட்டபடி நின்றது. ராஜாவோ காலையில் சாப்பிட்டதையும் முந்தின நாள் சாப்பிட்டதையும் கடலுக்குக் காணிக்கை செலுத்திவிட்டு இறங்கி வந்தார். அன்றோடு சரி. அதற்கப்புறம் அவருக்கு எல்லாம் தேர்தான். ஆறு குதிரை பூட்டிய தேரில், தலைக்குப் பின்னால் சங்குக்கொடி படபடக்க அவர் போனால் ஊரே கன்னத்தில் போட்டுக்கொள்ளும்.

ஆனால் ராஜாவுக்குக் கப்பல் என்றால் உயிர். தூரத்தில் இருந்து பார்க்கும் கப்பல், அதிலும் ஆடாத கப்பல். துறைமுகத்தில் தாத்தா காலத்துக் கப்பல்கள் மூன்று இன்னும் ஓடிக்கொண்டிருந்தன. அக்கரையிலிருந்து முதன்முதலாகக் குதிரை கொண்டுவந்த பொன்னிறத்தாள், புயலுக்குள் புகுந்து கர்ப்பூரம் கொண்டுவந்த நாரைச்சிறகு, மூன்று சண்டை பார்த்தும் மூழ்காத பெரியநாச்சி. மூன்றும் கிழடு தட்டிவிட்டன. அவை உளுத்துப்போவதற்குள் படமாக எழுதி மாளிகையில் மாட்டிவைக்க வேண்டும் என்று ராஜாவுக்கு ஆசை.

ஆசை இருக்கிற இடத்தை மோப்பம் பிடித்து வருகிறவர்கள் எப்போதும் உண்டு. ஏழு வர்ணக் குடுவையைத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு ஒருவன் வந்து சேர்ந்தான். தன் பெயர் ஏழுவர்ணன் என்றான். அவன் எழுதினால் கப்பல் உயிரோடு நிற்குமாம், அலைச் சத்தம் கேட்குமாம், பக்கத்தில் போனால் முகத்தில் உப்புக்காற்று அடிக்குமாம். அதற்கு அவன் கேட்டது மூன்றே மூன்று. கப்பலின் பாய் எந்தத் துணிச் சுருளில் வெட்டப்பட்டதோ அதே சுருளிலிருந்து படம் எழுதத் துணி. கப்பல் மிதந்த இடத்திலிருந்து ஒரு செம்பு தண்ணீர். கப்பல் புறப்படும் நாளில் துறைமுகக் கோபுரத்தின் உச்சியில் அவன் மட்டும் உட்கார இடம். பொன்னும் கேட்கவில்லை, மணியும் கேட்கவில்லை. சும்மா கிடைப்பதில்தான் சூட்சுமம் இருக்கும் என்று ராஜாவுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

மூன்றையும் வாங்கிக்கொண்ட பிறகு, போகிற போக்கில் கேட்பதுபோல அவன் ஒன்று கேட்டான்: "கொடி எந்தப் பக்கம் பறக்கட்டும், மகாராஜா?"

"இது ஒரு கேள்வியா? என் தேரில் பறக்கிறதே, அதுபோல. போகிற பக்கம் முகம், பின்னால் கொடி," என்றார் ராஜா.

"மகாராஜா வாக்கு," என்று ஏழுவர்ணன் குனிந்து கும்பிட்டான். அப்போது அவன் சிரித்ததை ஒருவரும் பார்க்கவில்லை.

முதல் மாதம் பொன்னிறத்தாள் புறப்பட்டுப் போனாள். படம் மாளிகைக்கு வந்தது. போன கப்பல் போகவேண்டிய துறைக்குப் போய்ச் சேரவில்லை. இரண்டாம் மாதம் நாரைச்சிறகு. படம் வந்தது, கப்பல் போய்ச் சேரவில்லை. மூன்றாம் மாதம் பெரியநாச்சி. அதுவும் அப்படியே. துறைமுகத்தில் பெண்கள் கடலைப் பார்த்து நின்று நின்று கால் ஓய்ந்தார்கள். மாளிகையில் மந்திரிகள் படத்தைப் பார்த்து நின்று நின்று, ஆகா, அலை அசைகிறது, உப்பு வாசம் அடிக்கிறது என்று வாய் ஓய்ந்தார்கள். துறைமுகத்தவர்கள் மாளிகைக்கு வருவதில்லை, மாளிகையில் இருப்பவர்கள் துறைமுகத்துக்குப் போவதில்லை. அதனால் ஒன்றையும் மற்றொன்றையும் சேர்த்துப் பார்க்க ஆள் இல்லை.

சேர்த்துப் பார்த்தவள் வடிவாயி.

அவள் கப்பல் பாய் தைக்கிறவள். கோணி ஊசியும் மெழுகுநூலும் கையில் இருந்தால் யாரோடும் பேசமாட்டாள். அவள் புருஷன் பெரியநாச்சியில் சுக்கான் பிடிக்கிறவன். கடலிலேயே பிறந்து வளர்ந்த அந்த மனிதனுக்கு மலையப்பன் என்று யார் பெயர் வைத்தார்களோ, அது வேறு கதை. கல்யாணமாகி எட்டு மாதம். அவன் போய் இருபது நாளாகியும் சேதி இல்லை. வடிவாயி சாப்பிடுவதாகப் பேர் பண்ணினாள், தூங்குவதாகப் பேர் பண்ணினாள். தைப்பதை மட்டும் நிஜமாகச் செய்தாள்.

படங்களுக்கு முன்னால் தொங்கவிட ஒரு கனத்த திரை வேண்டும், அதைத் தைக்க ஆள் வேண்டும் என்று மாளிகையிலிருந்து கூப்பிட்டார்கள். அவள் போனாள். சித்திர மண்டபத்தில் மூன்று படமும் வரிசையாக இருந்தன, ஒவ்வொன்றும் சுவரின் உயரத்துக்கு. பெரியநாச்சியின் படத்தில் சுக்கானைப் பிடித்தபடி ஒருவன் நின்றான். இடது புருவத்தில் வெட்டுத் தழும்பு. அந்தத் தழும்புக்கு மஞ்சள் அரைத்துப் போட்டவளே அவள்தான்.

"என்னங்க," என்றாள்.

எழுதின முகம் அசையவில்லை. கண் மட்டும் அவள் பக்கம் திரும்பியது.

வடிவாயிக்குக் கத்தவேண்டும் போலிருந்தது, கத்தவில்லை. கத்தினால் வெளியே பிடித்துத் தள்ளிவிடுவார்கள் என்று தெரியும். அப்போது படத்துக்குள் பாய்மரத்தின் உச்சியிலிருந்து ஒரு குரல் வந்தது.

"தங்கச்சி, கொஞ்சம் கிட்ட வா. கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போச்சு."

கப்பலில் கொண்டுபோகும் காக்கை அது. நடுக்கடலில் கரை தெரியாவிட்டால் அதை அவிழ்த்துவிடுவார்கள். அது பறக்கிற பக்கம் கரை இருக்கும். தான் கரைக்குச் சொந்தம், கப்பலுக்குச் சொந்தம் இல்லை என்றும், அதனால்தான் அந்த மாயக்காரனால் தன் வாயைக் கட்ட முடியவில்லை என்றும் காக்கை கொஞ்சம் பெருமையாகவே சொன்னது. மற்றவர்களுக்குக் கண் உண்டு, தாகம் உண்டு, வேறொன்றும் இல்லை. தாகம் நாளுக்கு நாள் ஏறுகிறது. தினமும் மத்தியானம் ராஜா தூங்கும்போது ஏழுவர்ணன் படத்தின் மரச்சட்டத்தைத் தாண்டி உள்ளே வருகிறான், கப்பலில் இருக்கிற மிளகையும் பட்டையும் மூட்டை மூட்டையாகத் தூக்கிக்கொண்டு போகிறான். இன்னும் மூன்று நாளில் மூன்றாவது படமும் காய்ந்துவிடும். அப்புறம் மூன்றுக்கும் மெருகெண்ணெய் பூசுவான். எண்ணெய் பட்டால் அந்தக் கண்ணும் மூடிவிடும். அதற்குமேல் பிரம்மா வந்தாலும் ஒன்றும் செய்வதற்கில்லை.

"கப்பலை எதைக் கொண்டு கட்டிப்போட்டிருக்கான்?" என்று கேட்டாள் வடிவாயி.

"பாய் தைக்கிறவ நீ. படத்தைப் பாரு, உனக்கே தெரியும்."

அவள் பார்த்தாள். பார்த்தவுடன் தெரிந்தது. பாய் முன்பக்கம் உப்பியிருந்தது. அப்படியென்றால் காற்று பின்னாலிருந்து அடிக்கிறது. கொடியோ பின்பக்கம் பறந்தது. அப்படியென்றால் காற்று முன்னாலிருந்து அடிக்கிறது. ஒரே கப்பலில், ஒரே நேரத்தில், இரண்டு காற்று. பாய் போ என்கிறது, கொடி போகாதே என்கிறது. கப்பல் யார் பேச்சைக் கேட்கும்? நின்ற இடத்திலேயே நின்றது.

கையிலிருந்த ஊசியால் கொடியைச் சுரண்டிப் பார்த்தாள், வர்ணம் உதிரவில்லை. கிடந்த தூரிகையை எடுத்துக் கொடியைத் திருப்பி எழுதப் பார்த்தாள், சேம்பிலையில் ஊற்றின தண்ணீர் மாதிரி வர்ணம் வழிந்து ஓடியது. வாயால் ஊதிக்கூடப் பார்த்தாள். காக்கை அதற்கு மட்டும் சிரித்தது.

"அது வர்ணத்தாலே போட்ட கட்டு இல்ல, தங்கச்சி. ராஜா வாக்காலே போட்ட கட்டு. கொடி இப்படித்தான் பறக்கும்னு அவர் சொன்னார், இவன் முடிச்சுப் போட்டான். தப்பாச் சொல்லிட்டேன்னு அவரே வாயத் திறந்து சொன்னா அவிழும்."

அவ்வளவுதானா என்று வடிவாயி நினைத்தாள். ராஜாக்களோடு பழக்கமில்லாதவள், பாவம்.

மறுநாள் காலை ராஜா வழக்கம்போலப் படம் பார்க்க வந்தபோது அவள் காலில் விழுந்து விஷயத்தைச் சொன்னாள். ராஜா சிரித்தார். மந்திரிகளும் சிரித்தார்கள். மூலையில் வர்ணம் குழைத்துக்கொண்டிருந்த ஏழுவர்ணன் மட்டும் சிரிக்காமல், ஒன்றும் தெரியாத பிள்ளைபோல உட்கார்ந்திருந்தான். படத்தில் ஆள் அடைபட்டிருக்கிறான் என்பதைக்கூட ராஜா கேட்டுக்கொண்டார், கொடி தப்பு என்பதைத்தான் அவரால் கேட்கமுடியவில்லை. பிறந்ததிலிருந்து தன் தலைக்குப் பின்னால் பறக்கிற கொடி அது. அதைப்பற்றி அவருக்குப் பாய் தைக்கிறவள் வந்து சொல்வதா?

வடிவாயி அரண்மனைக் குளத்தில் கையகலத் தோணி ஒன்றை விட்டாள். அதில் சின்னதாக ஒரு பாய், சின்னதாக ஒரு கொடி. காற்று வந்தது, தோணி போனது, கொடி தோணிக்கு முன்னால் பறந்தது. ராஜா பார்த்துவிட்டு, பொம்மைத் தோணிக்கு வேறு நியாயம், பெரிய கப்பலுக்கு வேறு நியாயம் என்று போய்விட்டார். அது முதல் நாள்.

அடுத்த நாள் ஒரு மீன்பிடித் தோணியில் ஏறிப் பார்க்கச் சொன்னாள். தோணி என்ற சொல்லைக் கேட்டதுமே ராஜாவுக்குக் குமட்டியது. தனக்குப் பதிலாக மூன்று மந்திரிகளை அனுப்பினார். அவர்கள் தோணியில் போனார்கள், கொடி முன்னால் பறந்ததைக் கண்ணாரக் கண்டார்கள், திரும்பி வந்து மகாராஜா சொன்னபடியேதான் பறந்தது என்று ஆமாம்சாமி போட்டார்கள். அது இரண்டாம் நாள்.

அன்றைக்கு அவள் மண்டபத்தைக் கடக்கும்போது ஏழுவர்ணன் அவளிடம் மெதுவாகச் சொன்னான்: "பிடிவாதக்காரிதான் நீ. ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்கோ. ராஜாங்க கழுத்தக்கூடக் குடுப்பாங்க. தப்பு என்னுதுன்னு சொல்லமாட்டாங்க. அந்த நம்பிக்கையிலதான் என் பிழைப்பே ஓடுது."

அதைக் கேட்டதும் வடிவாயிக்கு ஒன்று புரிந்தது.   ராஜா கடலை நம்பமாட்டார், கப்பலை நம்பமாட்டார், மந்திரியைத் தவிர யாரையும் நம்பமாட்டார். அவர் நம்புகிற ஒரே வண்டி அவருடைய தேர். தேரில் ஏறி ஒரு தடவை உட்கார்ந்தால் போதும் என்று ராஜாவிடம் கேட்டுக்கொண்டாள், அன்று இரவு முழுக்க உட்கார்ந்து ஒரு பாய் தைத்தாள்.

மூன்றாம் நாள் காலையில், கடல் உள்வாங்கிக் கரை மணல் கல்லாக இறுகிக் கிடந்த நேரத்தில், ராஜாவின் தேர் கரையில் நின்றது. குதிரை ஆறையும் அவிழ்த்துவிட்டிருந்தார்கள். தேரின் நடுவில் ஒரு மரத்தை நட்டு, வடிவாயி தைத்த பாயை அதில் ஏற்றியிருந்தாள். மந்திரிகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ராஜாவுக்கும் சிரிப்புத்தான், ஆனாலும் தேராயிற்றே என்று ஏறி உட்கார்ந்தார். தலைக்குப் பின்னால் சங்குக்கொடி வழக்கமான இடத்தில் நின்றது.

தென்காற்று எழுந்தது. பாய் உப்பியது. குதிரையே இல்லாத தேர் ஒரு உலுக்கு உலுக்கிவிட்டு மணலில் ஓட ஆரம்பித்தது. ராஜா கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டார். பிடித்த மாத்திரத்தில், பிறந்ததிலிருந்து அவருக்குப் பின்னால் பறந்த கொடி முன்னால் சாடி வந்து அவர் முகத்தில் பளாரென்று அடித்தது. தள்ளிவிட்டார், மறுபடியும் அடித்தது. சுருட்டிப் பிடித்தார், பிடியை உருவிக்கொண்டு மூன்றாம் தடவையும் அடித்தது. தேர் நின்றபோது ராஜாவின் கிரீடம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. மந்திரிகள் யாரும் சிரிக்கவில்லை.

ராஜா இறங்கி நேரே சித்திர மண்டபத்துக்கு நடந்தார். வடிவாயி பின்னாலேயே ஓடினாள். அங்கே ஏழுவர்ணன் மெருகெண்ணெய்க் குடத்தைத் திறந்து வைத்து, பெரியநாச்சியின் படத்தில் மேல் மூலையிலிருந்து பூச ஆரம்பித்திருந்தான். எண்ணெய் பட்ட மேகம் பளபளவென்று செத்துக் கிடந்தது.

"சொல்லுங்க மகாராஜா," என்றாள் வடிவாயி. மூச்சு வாங்கியது. "ஒரு வார்த்தை."

ராஜா தொண்டையைச் செருமிக்கொண்டார். "காற்று அன்றைக்கு ஒரு மாதிரி இருந்திருக்கும்," என்றார். கொடி அசையவில்லை. ஏழுவர்ணனின் தூரிகை பாய்மரத்துக்கு வந்தது. காக்கை ஒதுங்கி உட்கார்ந்தது.

பெரிய மந்திரி ராஜாவின் காதில் ஏதோ ஓதினார். "ஓவியன் எடுத்துச் சொல்லியிருக்கலாம்," என்றார் ராஜா. கொடி அசையவில்லை. எண்ணெய் பாயை நனைத்துக்கொண்டு கீழே இறங்கியது. அடுத்த இழுப்பில் அது சுக்கான்காரனின் முகத்துக்கு வந்துவிடும்.

வடிவாயி அழுதாள். மூன்று நாளாக அழாதவள் அப்போது அழுதாள். அழுதுகொண்டே ராஜாவை விட்டுவிட்டுப் படத்தின் பக்கம் திரும்பி, "என்னங்க, என்னால ஆனது அவ்வளவுதான்," என்றாள். ராஜா அவள் பார்த்த பக்கம் பார்த்தார். மூன்று மாதமாகத் தினமும் அந்தப் படங்களைப் பார்க்கிறவர்தான். கப்பலைப் பார்த்திருந்தார், கொடியைப் பார்த்திருந்தார். ஆளைப் பார்த்ததில்லை. இப்போது பார்த்தார். வெடித்த உதடு தெரிந்தது. பெண்டாட்டியை விட்டு அசையாத இரண்டு கண் தெரிந்தது. அந்தக் கண்ணிலிருந்து தண்ணீர் வரவில்லை. வருவதற்கு உடம்பில் தண்ணீர் இல்லை.

"நான் தப்பாகச் சொன்னேன்," என்றார் ராஜா.

சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. ஆனால் பெரியநாச்சியின் கொடி ஒரு தடவை துவண்டு, சுற்றி வந்து, முன்பக்கமாக விரிந்தது. அதைப் பார்த்து நாரைச்சிறகின் கொடி திரும்பியது. அதைப் பார்த்துப் பொன்னிறத்தாளின் கொடி திரும்பியது. மண்டபத்துக்குள் உப்புக்காற்று புகுந்து மந்திரிகளின் தலைப்பாகையை எல்லாம் அவிழ்த்துப் போட்டது. மூன்று கப்பலும் ஒன்றன்பின் ஒன்றாக நகர்ந்து படத்தின் ஓரத்துக்குப் போய், ஓரத்தைத் தாண்டி, காணாமல் போயின. மூன்று துணியிலும் வெறும் கடல் மிஞ்சியது.

ஏழுவர்ணனுக்குப் பதறியது. ஒரு கப்பலையாவது பிடித்து நிறுத்திவிடலாம் என்று, நங்கூரக் கயிறு மறைவதற்குள் சட்டத்தைத் தாண்டிப் படத்துக்குள் குதித்தான். கயிறு அவன் கைக்கு எட்டவில்லை. எழுதின கடலில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று திரும்பி வரப் பார்த்தான். வடிவாயி எண்ணெய்க் குடத்தில் தூரிகையை முக்கி, மேலிருந்து கீழாக, இடமிருந்து வலமாக, ஒரு இடம் விடாமல் பூசி முடித்தாள். கைவேலைக்காரி அவள், அரைகுறையாக விட்டுப் பழக்கமில்லை. ஒரு கையைத் தூக்கினபடி அவன் அப்படியே நின்றான்.

அதற்குள் துறைமுகக் கோபுரத்தில் சங்கு ஊதினார்கள். ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்று தடவை. மூன்று கப்பலும் துறைக்குள் வருகின்றன என்று அர்த்தம்.

ஊரே ஓடியது. ராஜாவும் தேரில் வந்து இறங்கினார். சந்தோஷத்தில் என்ன வேண்டுமானாலும் கேள், பாதி ராஜ்யம் கேட்டாலும் தருகிறேன் என்று வடிவாயியிடம் சொன்னார். அவள் பாதி ராஜ்யத்தை வைத்துக்கொண்டு என்ன தைப்பாள்? துறைக் கிணற்றில் இறைத்து வைத்திருந்த தண்ணீர்க் குடத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"உங்க வாயாலே போனவங்க, மகாராஜா. உங்க கையாலே தண்ணி குடிக்கட்டும்."

மந்திரிகள் பதறினார்கள். நாங்கள் கொடுக்கிறோம் என்று முன்னால் வந்தார்கள். ராஜா அவர்களைப் பார்க்கவில்லை. குடத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு பலகை வழியே பெரியநாச்சியில் ஏறினார். கப்பல் ஆடியது. ராஜாவின் முகம் பச்சையாகி, மஞ்சளாகி, வெளுத்தது. ஓரத்துக்குப் போய்க் கடலுக்குக் கொடுக்கவேண்டியதைக் கொடுத்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, சுக்கானடியில் சாய்ந்து கிடந்த மலையப்பனிடம் வந்து தண்ணீர் ஊற்றினார். அவன் இரண்டு கையையும் குவித்துக் குடித்தான். குடித்தான், குடித்தான், குடம் காலியாகும்வரை குடித்தான். பிறகு தலையைத் தூக்கி, யார் ஊற்றினது என்றுகூடப் பார்க்காமல், கரையில் நின்றவளைத் தேடிக் கண்டுபிடித்தான். இந்தத் தடவை அவன் கண்ணில் தண்ணீர் இருந்தது.

"போதுமா?" என்று கேட்டார் ராஜா.

"எனக்குப் போதும். உள்ளே இன்னும் நாப்பது பேர் கிடக்காங்க," என்றான் மலையப்பன்.

அது பெரியநாச்சியில் மட்டும். பக்கத்தில் இன்னும் இரண்டு கப்பல் ஆடிக்கொண்டு நின்றன. ராஜா அவற்றை ஒரு தடவை பார்த்தார், வயிற்றை ஒரு தடவை தடவிக்கொண்டார். காலிக் குடத்தை எடுத்துக்கொண்டு பலகையில் இறங்கிக் கிணற்றடிக்கு நடந்தார்.

அவர்கள் தாகம் தீர்ந்து வீடு போய்ச் சேர்ந்தார்கள். கேட்ட நீங்களும் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் போங்கள்.